ஒரு மணி நேரத்தில் சென்னை

காலை ஆறு ஐந்து. சரியாக அப்போதுதான் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் அண்ணனின் போன் வந்தது.

வாசலில் டாக்ஸி நிற்கிறது. மகளுக்குப் பதினொன்றரை மணிக்குச் சென்னையில் விசா இன்டர்வியூ. வெளிநாட்டுப் படிப்பு. இந்தத் தேதியை விட்டால் அடுத்தது வகுப்பு தொடங்கிய பிறகுதான். அதாவது, ஒரு வருஷம் போச்சு. எட்டரைக்குக் கோவையில் விமானம்.

"அம்மிணி, பாப்பா சென்னைக்குத்தானே போகுது? நாலே பீஸ் சேம்பிள். சரக்கு வாங்கற பையர் ஆபீஸ் ஆளு ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவாரு. நூல் பிசிறு வெட்டீட்டிருக்கறாங்க. பத்தே நிமிஷம்!"

எங்கள் ஊரில் யாரும் வெறுங்கையோடு விமானம் ஏறிவிட முடியாது. டிக்கெட் போட்ட சேதி கசிந்தால் போதும், பனியன் பார்சல் வந்துவிடும். மறுத்தால்? அடுத்த கல்யாண வீடு வரைக்கும் பேசுவார்கள்.

"நேரமாயிருமுங்கண்ணா..."

"ஒரு மணி நேரத்துல போற ஊருக்கு என்னத்துக்கு அம்மிணி இத்தனை பதட்டம்?"

முந்தின நாளே மகளை அனுப்பிவிடுகிறேன் என்று நான் சொன்னபோதும் இதே பேச்சுதான். அன்று போனைத் திறந்து காட்டினார். கோவை – சென்னை, நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம். அடடா, என்ன துல்லியம்! ஆனால் அது ஓடுபாதைக்கும் ஓடுபாதைக்கும் நடுவே உள்ள கணக்கு. நாங்கள் என்ன ஓடுபாதையிலா குடியிருக்கிறோம்? விமான நிலையத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நெருப்பெரிச்சல் என்கிற ஊரில். கம்பெனி பஸ்கள், நூல் லாரிகள், அவிநாசி வரை ஊர்கிற வரிசை... இதெல்லாம் எந்த ஆப்பில் வரும்?

மறுபடி போன். "அயர்ன் பண்றாங்க அம்மிணி." கொஞ்ச நேரம் கழித்து, "கவர் போடறாங்க."

சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்த மகள் சொன்னாள்: "என்னையும் மடிச்சுக் கவர்ல போட்டுருங்கம்மா. பார்சலோட பார்சலாப் போய்க்கறேன்."

ஏழு மணிக்குப் பார்சல் வராமலேயே கிளம்பினோம். வழியெல்லாம் பிரேக் விளக்குகள். விமான நிலையத்துக்குள் ஓடிய மகள், போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். கவுன்டரை மூடிவிட்டார்களாம். அடுத்த விமானம் சென்னையில் இறங்கும்போது இன்டர்வியூவே முடிந்திருக்கும்.

அவள் அழவில்லை. சூட்கேஸின் கைப்பிடியை இழுப்பதும் உள்ளே தள்ளுவதுமாக நின்றாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. தெரியாமல்தான் கேட்கிறேன் – மணிக்கு எத்தனை கிலோமீட்டர் பறந்தால் என்ன? நாலு பனியனுக்காக வாசலிலேயே உட்கார்ந்திருப்பவர்களை எந்த விமானம் கொண்டுபோய்ச் சேர்க்கும்?

அப்போது ஒரு கார் சர்ரென்று வந்து நின்றது. அண்ணன்! பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடிவந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் வெளிச்சம்.

"அட, இன்னும் போகலியா கண்ணு? நல்லவேளை! இந்தா, மடிப்புக் கலையாமப் புடி."