வலப்பக்கம் மங்கிய பைனாகுலர்

போன ஆண்டு பள்ளி விடுமுறையில், ஒரு சனிக்கிழமை காலை, ஈப்போ பழைய டவுனில் உள்ள கேமரா கடை ஒன்றில் இது நடந்தது.

புந்தோங்கில் பல ஆண்டுகளாகப் பள்ளி வேன் ஓட்டியவள் நான். எனக்கு வாய் நீளம். சாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் ஆகாது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பறவைப் பைத்தியம். செமோர் பக்கம் நாங்கள் இருவரும் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது பாதி பாமாயில் எடுக்கும் செம்பனை, பாதி காடு. அங்கே இருவாச்சி வருகிறது என்று ஞாயிறுதோறும் போவார். நானும் கூடப் போவேன். ஆனால் தன் பைனாகுலரை மட்டும் என் கையில் கொடுக்கவே மாட்டார். "நீ கீழ போட்டுடுவ" என்பார். அந்தக் கோபத்தில்தான் சொந்தமாக ஒன்று வாங்கக் கிளம்பினேன். முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் போவதில்லை என்று முடிவு.

வேனை நான் ஓட்ட, வழியெல்லாம் அக்காவின் பாடம்தான். "பெட்டியில இருபது மடங்கு, முப்பது மடங்குன்னு போட்டிருப்பான், ஏமாந்துடாத லா. உன் கை ஆடுனா பறவையும் ஆடும். எட்டு மடங்கு போதும். முன்னால கண்ணாடி பெருசா இருந்தா மரநிழல்லயும் வெளிச்சமாத் தெரியும். மூக்குக் கண்ணாடியைக் கழட்டாமப் பாரு."

கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஒரு சீனர். புந்தோங்கில் வளர்ந்தவர் என்பதால் தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவார். அவர் எடுத்துக் கொடுத்ததை வெளிச்சத்தில் பார்ப்பதற்காகக் கடைக்கு வெளியே நடைபாதைக்குக் கொண்டுவந்தேன். அக்கா சொன்னபடி முதலில் வலக்கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருப்பினேன். எதிர்க்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்த மைனாவின் மஞ்சள் மூக்கு வரை பளிச்சென்று தெரிந்தது. பிறகு இடக்கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்க வளையத்தைத் திருப்பினேன். புகை. இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். அதே புகைதான்.

வேறொன்று கேட்டேன். அதிலும் வலப்பக்கம் மங்கல்.

"என்ன தவுக்கே, பழைய ஸ்டாக்கையெல்லாம் என் தலையில கட்டலாம்னு பாக்குறீங்களா?" என்று கத்தினேன்.

முதலாளி வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு, தங்கச்சி."

அக்காவும் பார்த்தார். "நல்லா இருக்கு லா. சும்மா கத்தாத."

"ஓ, ரெண்டு பேரும் கூட்டா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இருவர் வாயையும் மூட ஒரு வழி தோன்றியது. பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் வலப்பக்கக் குழல் இடக்கண்ணுக்கு வந்துவிடும். "இப்பப் பாருங்க, உங்க பழுது இந்தப் பக்கம் வரும்" என்று சொல்லிக்கொண்டே திருப்பி வைத்துப் பார்த்தேன்.

வரவில்லை. இடக்கண்ணில் மைனா அப்படியே உட்கார்ந்திருந்தது. புகை என் வலக்கண்ணிலேயே இருந்தது.

பைனாகுலரைக் கீழே இறக்கினேன். உள்ளங்கையால் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு வெறுங்கண்ணால் எதிரே பார்த்தேன். பலகை இல்லை. கடை இல்லை. நடுவில் கறுப்பாக ஒரு திட்டு, சுற்றிலும் சாம்பல் நிறம். அதுவும் பகல் பத்து மணி வெயிலில். வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னொரு கண் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

உடனே நினைவுக்கு வந்தது என் கண் அல்ல, வேன். விடுமுறைக்கு முந்தின வாரம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சாலை ஓரத்திலிருந்து வலப்பக்கம் எடுத்தேன். எங்கிருந்தோ ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, கிறீச்சென்று பிரேக் அடித்துச் சறுக்கி நின்றது. "யக்கா, கண்ண எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டான் அந்தப் பையன். கண்ணாடியை இறக்கி அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். பின்னால் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவன் மட்டுமா? சில மாதங்களாகவே எல்லா மோட்டார் சைக்கிளும் வலப்பக்கத்திலிருந்துதான் திடீர் திடீரென்று முளைத்தது. ஊரில் ஒருவனுக்கும் வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று வாய் வலிக்கத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் கண்ணைப் பொத்தியதை அக்கா பார்த்துவிட்டார். கையை நீட்டினார். "சாவியக் கொடு." கொடுத்தேன். முதலாளி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவரை எப்படி நிமிர்ந்து பார்ப்பது?

எனக்குப் பல வருடமாக இருக்கும் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், கண்ணுக்குள் இரத்தத்தைக் கசிய விட்டிருக்கிறது என்றார் கண் மருத்துவர். "வருசா வருசம் கண்ணைக் காட்டச் சொன்னாங்களா இல்லையா?" என்று கேட்டார். சொன்னார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு நேரே இனிப்பான தே தாரிக் டீ குடிக்கப் போகிறவள் நான். இடக்கண்ணிலும் ஆரம்பித்திருந்ததாம். அதை லேசர் வைத்து நிறுத்திவிட்டார்கள். வலக்கண்ணில் போனது போனதுதான்.

பெற்றோர்களிடம் நானே போய்ச் சொன்னேன், உங்கள் பிள்ளைகளை இத்தனை நாள் ஒற்றைக் கண்ணோடுதான் ஏற்றிப் போயிருக்கிறேன் என்று. இரண்டு பேர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். இப்போது வேனை என் தம்பி ஓட்டுகிறான். நான் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து கத்துகிறேன்.

அதே பைனாகுலரைத்தான் வாங்கினேன். இருவாச்சியை இடக்கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஆனால் வலப்பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இன்றும் தலையை முழுக்கத் திருப்பி ஓட்டுகிறவன் முகத்தைத் தேடுகிறேன்; அத்தனை மாதங்களும் என் வேனுக்கு முன்னால் பிரேக் பிடித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்கள், நான் வாய்க்கு வந்தபடி திட்டிய அந்த முகம் தெரியாத பையன்கள்தான்.