என் கணினியைத் தொட்டது யார்?

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், வேலணைத் தீவில், என் கணினியை அதற்குரிய வேகத்துக்கு மேல் முடுக்கிவிட்டேன். அது தாங்குமா என்று பார்க்கப் பகல் முழுவதும் சோதனையை ஓடவிட வேண்டும். பக்கத்தில் இருந்தால் ஓடும். வெளியே போய்வந்தால் அசையாமல் நின்றுபோயிருக்கும். வீட்டுக்குப் புதிதாக வந்த அண்ணிமேல்தான் சந்தேகம்.

“இதைத் தொட்டனீங்களோ?”

“உம்மடை பெட்டியைத் தின்னவே போறன், தம்பி?” என்று சிரித்தார்.

மறுநாள் சாட்டிக் கடற்கரைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு யன்னலருகே ஒளிந்து நின்றேன். அண்ணி தன் சேலையொன்றால் கணினியை இறுக்கிப் போர்த்தினார்.

“கள்ளி! பிடிச்சிட்டன்!” என்று கத்தினேன்.

அவர் முகம் வெளுத்தது. “கடல்காத்துக்குக் கறள் பிடிச்சிடுமெண்டு மூடினனான். நீர் பகிடி பண்ணுவீரெண்டு, நீர் வந்து படலை திறக்கிற சத்தம் கேட்டதும் எடுத்துப்போடுவன்.”

சேலைக்குள் சூடேறித்தான் அது நின்றிருக்கிறது. அன்று சோதனை மாலைவரை தடங்கலின்றி ஓடியது. எனக்குத்தான் மகிழ்ச்சி வரவில்லை. அண்ணி இன்றும் அறை முழுவதையும் கூட்டித் துடைப்பார். என் மேசைக்கு மட்டும் கிட்ட வரமாட்டார்.