பிள்ளைப்பேற்றுக்குப் போகும் அப்பா

மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, கனடாவுக்குப் போய் நான்தான் அவளைப் பார்த்துக்கொள்ளப்போகிறேன் என்று சொன்ன அன்று என் மச்சாள் சிரித்த சிரிப்பு நாலு வளவு தள்ளிக் கேட்டிருக்கும். மச்சாள் என்றால் என் மனைவியின் தங்கை. மனைவி இறந்துபோய் மூன்று வருடம். அதற்குப் பிறகு என்னை அதட்டுகிற வேலையை மச்சாள் பொறுப்பெடுத்துக்கொண்டாள். ஒரு நாளும் லீவு போட்டதில்லை.

“அத்தான், பிள்ளைப்பேறு பாக்கப் போறது தாய்மார். நீங்கள் போய் என்ன செய்யப்போறியள்? எஞ்சின் கழட்டப்போறியளோ?”

எஞ்சின் கழட்டுவதுதான் என் தொழில். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் போட் எஞ்சின் திருத்துகிற வேக்ஷொப் வைத்திருக்கிறேன். மீனவர்கள் சல்லிக் கிராமத்திலிருந்தும் வருவார்கள், இலங்கைத்துறையிலிருந்தும் வருவார்கள். நான் கைவைத்த எஞ்சின் நடுக்கடலில் நின்றதாக ஒருவனும் வந்து சொன்னதில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லையென்று நடிக்க மாட்டேன்.

“சமைக்கப் போறன்,” என்றேன். “உன்னைவிட நல்லாச் சமைப்பன். உனக்கும் தெரியும்.”

அது அவளுக்குத் தெரியும். மனைவி நோயாய்க் கிடந்த இரண்டு வருடமும் குசினியில் சமையல் என் கையில்தான் இருந்தது. குசினி வாசலில் கதிரையைப் போட்டு அதில் இருந்துகொண்டு மனைவி சொல்லுவாள், நான் செய்வேன். உப்புக் கூடினால் ஏச்சு, குறைந்தால் அதைவிட ஏச்சு. கடைசி மாதங்களில், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குக் கறியை எனக்குக் காட்டித்தந்தாள். மல்லியும் மிளகும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் எந்தப் பதத்தில் வறுபட வேண்டும், சுறாவை எப்படி அவித்து உதிர்த்துப் புட்டோடு சேர்க்க வேண்டும் என்று எல்லாம் சொல்லித்தந்தாள். அப்போது மகளுக்குப் பிள்ளையும் இல்லை, அந்தப் பேச்சும் இல்லை. ஏன் இதைக் காட்டுகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

மகளுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. மருமகன் நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டுவது பெரிய லொறி. போனால் பத்து நாள், பதினைந்து நாள் றோட்டில்தான். அவனுக்கும் தாய் இல்லை. அந்த நாள் அவள் வீட்டில் தனியாகக் கிடந்து, தானே அம்புலன்ஸைக் கூப்பிட்டுப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் எடுத்து “அப்பா” என்றாள். நான் இங்கே கிறீஸ் கையோடு நின்று போனுக்குள் அழுததுதான் மிச்சம். தகப்பன் என்று ஒருவன் இருந்து என்ன பிரயோசனம்? இந்த முறை பிள்ளை வரும்போது அவள் தனியே இருக்கக் கூடாது. நான் அங்கே நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீசா என்றால் எங்கள் ஊரில் ஒவ்வொருவனும் ஒரு சட்டத்தரணி. பிள்ளைகள் அங்கே இருப்பதைச் சொல்லாதே என்பான் ஒருவன். வருத்தம் துன்பம் ஒன்றும் எழுதாதே, எழுதினால் வந்து தங்கிவிடுவாய் என்று ஆபீசர் நினைப்பான் என்பான் மற்றவன். வீசா பார்த்தே இராத ஆட்கள்தான் கூடுதலாகச் சொல்லுவார்கள். ஆனால் எல்லோரும் ஒரு விசயத்தில் ஒன்று: சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று எழுது, மிச்சத்துக்கு வாயைத் திறக்காதே.

மச்சாளுக்கு வேறு பயம். ஏழு மாதம் முடியும்வரை வயிற்றில் இருப்பதை வெளியாட்களுக்குச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

“கடதாசியில எழுதி ஆபீஸ் ஆபீஸாக் காட்டப்போறியளோ? கண்ணூறு படும், அத்தான். முதல் தரம் பட்டது காணாதோ?”

நான் கண்ணூறை நம்புகிறவன் இல்லை. ஆனால் மகளின் வயிற்றை வைத்து நம்பாமல் இருக்கவும் தைரியம் வரவில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். வெட்கம். மீசை நரைத்த ஆம்பிளை, பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறேன் என்று முன்பின் தெரியாத ஆட்களிடம் எப்படிச் சொல்லுவது?

கடைத்தெருவில் ஒன்லைன் படிவம் நிரப்பிக் கொடுக்கிற கடை ஒன்று இருக்கிறது. கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி நடத்துகிறார். கெட்டிக்காரி. விரல்கள் கீபோட்டில் ஓட, கண் என்னைப் பார்க்கக் கேட்டார்.

“ஐயா, போற காரணம் என்ன போடுறது?”

“சுத்திப் பாக்க,” என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, “நயாகரா,” என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், நான் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்தார், படிவத்தில் அப்படியே அடித்தார். நயாகரா, உயரக் கோபுரம், ஏதோ தீவுக்குப் படகுச் சவாரி. வாழ்நாள் முழுக்கப் படகோடு கிடக்கிறவன் படகுச் சவாரிக்காகக் கனடா போகிறானாம்! மகளிடமும் அப்படியே ஓர் அழைப்புக் கடிதம் எழுதச் சொன்னேன். “ஓம் அப்பா,” என்றாள். என்ன சொன்னாலும் அவளுக்கு அந்த ஓம்தான்.

கைரேகை கொடுக்கக் கொழும்பிலுள்ள வீசா ஆபீசுக்குப் போனேன். அங்கே என் விரல்களை மெசின் பிடிக்கவில்லை. முப்பது வருடம் இரும்போடு உரசினால் ரேகை எங்கே இருக்கும்? அங்கே வேலை செய்கிற பெண்பிள்ளை ஈரத் துணி தந்து, துடைத்துத் துடைத்து நாலு தரம் வைக்கச் சொன்னாள். ஐந்தாம் தரம் பிடித்தது. அது பிடித்ததும் வீசாவே கிடைத்தமாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

மகளுக்கு ஆறாம் மாதம் தொடங்கியபோது பதில் வந்தது. இல்லை என்று.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. கடைக்குப் போய்க் கத்தினேன். என்னைப் பார்த்தால் அங்கே ஒளிந்து நிற்கிற ஆள் மாதிரியா இருக்கு, எனக்கு இங்கே தொழில் இல்லையா, காணி இல்லையா என்று அந்தப் பெண்மணியிடமே கேட்டேன், ஏதோ அவர்தான் வீசாவை மறுத்ததுபோல. அவர் நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடிதத்தைத் தமிழில் சொன்னார். நீர் சொல்லுகிற பயணக் காரணம் உம்முடைய மற்ற விபரங்களோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருந்தார்களாம்.

“ஐயா, கோவிக்காதேங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ. உண்மையா ஏன் போறியள்?”

கத்தியதில் களைத்திருந்தேன். சொல்லிவிட்டேன். மனைவி இல்லாததை, போன பிள்ளையை, லொறியை, சரக்குக் கறியை எல்லாம் சொன்னேன். அவர் கையை நெற்றியில் வைத்தார்.

“அல்லாஹ்வே! இதை வச்சுக்கொண்டா நயாகரா எண்டு எழுதச் சொன்னீங்கள்? இதைவிடப் பெரிய காரணம் ஆரிட்ட இருக்கு?”

எனக்குக் கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது. அந்த ஆபீசரில் பிழை இல்லை. ஊர் சுற்றுகிற ஆள் நான் இல்லை என்பதை அவன் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான். எஞ்சினில் என்ன கோளாறு என்று மறைத்து ஒருவன் கொண்டுவந்தால் நான் அவனை வேக்ஷொப்புக்குள்ளேயே எடுக்க மாட்டேன். அதே வேலையை நான் செய்திருக்கிறேன், மடையன்.

வீட்டுக்குப் போய் மச்சாளிடம் சொன்னேன், இந்த முறை உள்ளபடி எழுதப்போகிறேன் என்று. அவள் ஒப்பாரி வைக்காத குறை.

“பிள்ளைக்கு ஏதும் நடந்தா?”

“ஒருத்தருக்கும் சொல்லாமல்தானே போனமுறையும் இருந்தனாங்கள்? நடந்ததுதானே? சொல்லாமல் இருந்து அவள் தனியக் கிடந்ததுதான் மிச்சம். இனி எனக்கு ஒளிச்சு விளையாட ஏலாது.”

மச்சாள் எழும்பிச் சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்தப் போனாள். அதட்டுகிற வேலைக்கு அன்றுதான் முதல் லீவு.

மறுநாள் தொடக்கம் கடதாசி சேர்த்தேன். மனைவியின் மரணச் சான்றிதழ், மகளின் டொக்டர் கடிதம், மருமகனின் வேலைக் கடிதம், வேக்ஷொப் பதிவு, காணி உறுதி, கிராம அலுவலர் விதானையாரின் கடிதம். படிவக் கடையில் இருந்து நான் வாயால் சொல்ல, அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் அடித்தார். என் மகளுக்குத் தாய் இல்லை, அதனால் தாயின் வேலைக்கு நான் வருகிறேன். எனக்குச் சமைக்கத் தெரியும், குழந்தையைக் குளிப்பாட்ட அங்கே பழகிக்கொள்வேன். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவேன், ஏனென்றால் இங்கே எஞ்சின்கள் காத்துக் கிடக்கும், எனக்கு உங்கள் குளிரும் ஒத்துவராது. கடைசி வசனம் தேவையா என்று கேட்டார். தேவை என்றேன்.

மகளையும் கடிதத்தைப் புதிதாக எழுதச் சொன்னேன். “உள்ளபடி எழுது, மகள். ஒண்டும் ஒளிக்காதை.” இந்த முறை, “எல்லாத்தையுமோ, அப்பா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஓம் என்றாள்.

கடிதம் நேரே கடைக்கு ஈமெயிலில் வந்தது. அந்தப் பெண்மணி வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். என் அம்மா இறந்துவிட்டார். முதல் பிள்ளை போனபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அன்று தொடக்கம் தனியே இருக்க எனக்குப் பயம். கணவர் வேலைக்குப் போனால் லைற்றைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். என் அப்பா பக்கத்து அறையில் இருமுகிற சத்தம் கேட்டால் நான் நித்திரை கொள்ளுவேன்.

ஒவ்வொரு நாளும் போனில் “நான் நல்லா இருக்கிறன் அப்பா” என்று சொன்ன பிள்ளை. எனக்குச் சொல்லாததை, முகம் தெரியாத ஓர் ஆபீசருக்கு எழுதியிருக்கிறாள். நான் சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று எழுதச் சொன்னபோதும் இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் ஓம் சொல்லியிருக்கிறாள். கடை நிறைய ஆட்கள் நிற்க, நான் வாய்விட்டு அழுதேன். வெட்கம் ஒன்றும் வரவில்லை.

வீசா கிடைக்கும் என்பதில் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மற்றவர்களுக்கு இருந்தது. மச்சாள் கோணேசர் கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். நான் குளிருக்குச் சப்பாத்து வாங்கினேன். பதில் வராமலே சப்பாத்து வாங்கிய விசரன் என்று துறைமுகப் பக்கம் என்னைக் கேலி செய்தார்கள். மகளுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது பாஸ்போட்டை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. கொழும்புக்குப் போய்க் கொடுத்து, பிறகு போய் எடுத்தேன். உள்ளே வீசா ஒட்டியிருந்தது. அந்த வாசலிலேயே நின்று மகளுக்குப் போன் எடுத்தேன்.

சந்தோசத்தில் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“அப்பா, ஒண்டு கேக்கட்டே? கோவிக்க மாட்டியளே?”

“கேள்.”

“இஞ்ச பிள்ளை பிறக்கேக்க உள்ளுக்கு ஒராள் நிக்கலாம். அவர் றோட்டில நிண்டா வந்து சேர ஏலாது. ஆஸ்பத்திரிக்கு முதலே ஒரு பேர் எழுதிக் குடுக்கவேணும்.” பிறகு அவசரமாகச் சொன்னாள். “நேர்ஸ்மார் நிப்பினம், பரவாயில்லை. நீங்கள் வெளியில இருந்தாலும் காணும்.”

இவள் பிறந்தபோது நான் ஆஸ்பத்திரி கேற்றுக்கு வெளியே சுடுதண்ணிப் போத்தலோடு நின்றவன். உள்ளே போக எந்த ஆம்பிளையும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். தகப்பன் மகளின் பிரசவ அறையில் நிற்பதா என்று ஊர் என்ன சொல்லும், மச்சாள் என்ன சொல்லுவாள் என்று எல்லாம் எனக்குத் தெரியும்.

“என்ர பேரை எழுது, மகள்,” என்றேன்.

அந்தப் பக்கம் அழுகிற சத்தம். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கப் பாஸ்போட்டில் இருக்கிறபடி முழுப் பெயரையும் சொல்லச் சொன்னாள். என் பெயர் அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் நான் பாஸ்போட்டைத் திறந்து, அதில் உள்ளபடியே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.