இறக்கத்தில் இழுபட்ட மிலாறு

நான் சந்தேகப் பிராணி. தேங்காய் வாங்கினால் ஆட்டிப் பார்ப்பேன். விற்கிறவர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பேன். அப்படிப்பட்ட என் கண்ணில் படாமல் என் வீட்டுக்காரர் சைக்கிளில் விறகு கடத்தப் பார்த்தார்.

எழுபதுகளில் அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர். தினமும் ஆபீஸ் தபால் பையைக் கந்தப்பளை டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, வந்ததை வாங்கி வர வேண்டும். அதற்காகத் தோட்டமே ஒரு சைக்கிள் கொடுத்திருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வேறு யாருக்கும் சைக்கிள் ஓட்டவே தெரியாது. மலையில் மண்வெட்டி பிடித்த மனிதருக்கு அதில் கொஞ்சம் மிதப்புத்தான். மிதப்பு வந்த ஆம்பிளைமேல் ஒரு கண் வைக்க வேண்டும் என்று நானும் வைத்திருந்தேன்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை மிலாறு என்போம். எங்கள் அடுப்புக்கு அதுதான் விறகு. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, அதையும் தலையில் சுமந்து வந்து சேர்ப்பவள் நான். சேர்க்கச் சேர்க்கக் குறைந்தது. ஒரு காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். என் மிலாறில் ஒரு நல்ல கட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போகிறது. திரும்பி வந்த சைக்கிளில் கட்டு இல்லை.

"வெறகு எங்கங்க?" என்றேன்.

"எந்த வெறகு?" என்றார், முகத்தைக் கழுவிக்கொண்டே.

வந்ததும் தேத்தண்ணி கேட்கிறவர் இப்போது கேட்பதுமில்லை. கிட்டப் போனால் இஞ்சி வாசம். எங்கள் வீட்டிலோ இஞ்சி இல்லை. வலது கால் செருப்பு மட்டும் ஓட்டையாகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதற்கு மட்டும் எனக்குக் காரணம் புலப்படவில்லை. மற்றபடி சங்கதி தெளிவு. டவுனில் எவளோ ஒருத்தி என் மிலாறை எரித்து என் புருஷனுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறாள். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் தலைவலி என்று வேலைக்குப் போகவில்லை. அவர் கிளம்புவதற்கு முன்பே குறுக்குப் பாதையில் இறங்கி, ரோட்டின் கடைசி வளைவில் தேயிலைக்குள் பதுங்கினேன். வளைவுக்குக் கீழே ஒரு சிங்களப் பெண்ணின் தேத்தண்ணிக் கடை. அப்படியா சேதி என்று கறுவிக்கொண்டிருந்தபோது மேலே சரசரவென்று சத்தம் கேட்டது.

அவர்தான். மிலாறுக் கட்டு கேரியரில் இல்லை. சைக்கிளுக்குப் பின்னால் கயிற்றில் கட்டியிருந்தார், முரண்டு பிடிக்கிற ஆட்டைப்போல அது ரோட்டில் இழுபட்டு வந்தது. வலது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தார். அந்த நேரம் பார்த்துக் கீழிருந்து ஒரு லொறி ஏறியது. பெல்லை அடித்தபடி இடப்பக்கம் தண்ணீர் ஓடும் கானோரமாக ஒதுங்கினார். நிற்கவில்லை. அவரால் நிற்க முடியாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை. லொறி அவரை உரசாத குறையாகத் தாண்டிப் போனது.

கடை வாசலுக்கு வந்துதான் சைக்கிள் நின்றது. அவர் கட்டை அவிழ்த்துக் கொடுக்க, கடைக்காரி இஞ்சித் தேத்தண்ணியை நீட்டினாள். நான் போய் இருவருக்கும் நடுவில் நின்றேன். அவளுக்கு என் முகமே போதுமாக இருந்தது.

"அனே நங்கி, தங்கச்சி, கோவிக்க வேணாம். இந்தக் கட்டு இல்லாட்டி இவர் என் கடைக்குள்ளதான் வந்து நிப்பார். ஒரு தடவ வந்தார்," என்று கால் உடைந்த பெஞ்சைக் காட்டினாள்.

"பிரேக் கட்ட தேஞ்சு போச்சு புள்ள," என்றார் அவர். "கடையில சாமான் வர்றதில்ல. ஆபீஸ்ல சொன்னா சைக்கிளத் திருப்பி வாங்கி வச்சிருவாங்க. நடந்து போனா தபால் லேட்டாயிரும். அப்புறம் வேற ஆளப் போட்டுட்டு என்னைய மலைக்கு அனுப்பிருவாங்க."

"பொலிஸ்காரன் கண்ணுல படலையா?"

"டவுனுக்குள்ள உருட்டிக்கிட்டுத்தான் போவேன். உருட்டுற சைக்கிளுக்கு யாரும் பிரேக் கேக்க மாட்டாங்க."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இன்னொருத்தி இருந்திருந்தால் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டாவது அவரை மீட்டிருப்பேன். அந்த இறக்கத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

அவர் சொன்னது சரி, நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த பெரட்டில், எல்லாரும் நிற்க, கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். சைக்கிளை ஆபீஸில் பூட்டினார்கள். தபால் பை வேறு ஆள் கைக்குப் போனது. அவர் மண்வெட்டியோடு மலைக்குப் போனார். என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். பேசாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறாரே என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த வருஷத்து மழைக்காலம் முடிந்தபிறகு எங்கிருந்தோ பிரேக் கட்டைகள் வந்தன. புதிய ஆளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாததால் இவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். வாசலில் சைக்கிளை நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் காட்டினார். "பாரு, எப்புடிப் புடிக்குதுன்னு."

பார்த்தேன். மறுநாள் அவர் புறப்படும்போது, ஈர மிலாறில் கனத்த கட்டு ஒன்றை நானே பின்னால் கட்டினேன்.

"இன்னும் என்னைய நம்பலையா?"

"ஒங்கள நம்புறேங்க. பிரேக்கத்தான் நம்பல."

அவர் கயிற்றை அவிழ்க்கவில்லை. பின்னேரம் இஞ்சி வாசத்தோடு வந்தார். கிட்டப் போய் நன்றாக மோந்து பார்த்தேன். ஆள் முழுசாக வந்திருந்தார்.