நீல விளக்கு நின்ற இடம்

இன்டர்நெட் மோடத்தைச் செருகும் முன் ஆனந்தி அதன் முனையில் ஒருமுறை ஊதுவாள், துப்பட்டாவில் துடைப்பாள், பிறகு பேச ஆரம்பிப்பாள். "இன்னாடா ராசா, தூங்குறியா? அக்கா வந்துகீறேன் பாரு, எய்ந்திரு." விரல் நீளமுள்ள அந்தத் துண்டு கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஏறி, அதன் விளக்கு கண் திறக்கும்வரை கொஞ்சல் ஓயாது. கொஞ்சலுக்கு மசியாததைத் திட்டுவாள். திட்டு வாங்கிய மோடம் நெடுநாள் உழைக்கும் என்பது அவள் கட்சி.

காவலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவளுக்கு ஒரு செல்போன் கடை உண்டு. பெயருக்குத்தான் கடை, ஆளைப் பிடிக்க வேண்டுமானால் மலையூர்களுக்குப் போகும் ஏதாவது ஒரு பாதையில் அவள் ஸ்கூட்டியைத் தேட வேண்டும். பள்ளிக்கூடத்தில் லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து கம்பும் சாமையும் விளைவிக்கும் வீடுகளிலும் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் இன்டர்நெட் கம்பி மலை ஏறவில்லை. சிம் கார்டு போட்ட மோடம்தான் கதி, அதை உயிர்ப்பிக்க ஆனந்திதான் கதி.

திரையில் எழும் பெட்டிகளுக்கெல்லாம் சரி, சரி என்று அழுத்திப் போவது அவளுக்கு அரை நிமிட வேலை. சிக்னல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. ஒரு வீட்டில் அது பரண்மேல் இருக்கும், இன்னொரு வீட்டில் மாட்டுக்கொட்டகை வாசலில் இருக்கும். பச்சை விளக்கு மினுக்கினால் மோடம் இன்னும் தேடுகிறது என்று பொருள். நீலம் அசையாமல் நின்றால் கிடைத்துவிட்டது. அதற்காக நீளமான கேபிள் ஒன்றைத் தோளில் சுற்றியிருப்பாள். அதன் முனையில் மோடத்தை மாட்டி, துணி கிளிப்பால் கொடியில் தொங்கவிடுவாள். அதற்கும் மசியாவிட்டால் அடுக்களையிலிருந்து மாவுச் சல்லடையை வாங்கி மோடத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுப்பாள். இதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு செய்து யாரும் பார்த்ததில்லை.

மலையூர்க்காரி திரௌபதி அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனது சாமை அறுப்பு முடிந்த சமயம். லேப்டாப் மகள் சரிதாவுக்குப் பள்ளியில் கொடுத்தது. அதை ஜன்னலோரம் வைத்து, காவலூரில் விண்மீன் பார்க்கும் கூடத்தின் வெள்ளைக் கூரை தெரியும் திசையில் மோடத்தைத் திருப்பிவிட்டிருந்தாள் திரௌபதி. காலையிலிருந்து பச்சை மினுக்கிக்கொண்டே இருக்கிறது என்றாள். அந்தப் பக்கம் திருப்பிய காரணத்தை ஆனந்தி கேட்டாள்.

"ஆகாசத்துல கீற நட்சத்திரத்தையே இட்டாருது அது. நம்ம புள்ளய இட்டாராதா?"

"அது பாக்குற கண்ணு, அக்கா. நமக்கு டவர் வோணும். டவரு திருப்பத்தூர் பக்கம் கீது," என்று ஆனந்தி சிரித்தாள். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மூத்தவன் குணசீலனுக்குப் பிறவியிலேயே காதும் கேட்காது, வாயும் பேசாது. புனேயில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான். அவனும் வீடும் பேசிக்கொள்வது கையால்தான். அந்தக் கைப்பேச்சு அவர்களே உண்டாக்கிக்கொண்டது. போன் வந்தால் அவன் மூச்சு மட்டும் கேட்கும். அம்மா எடுத்தாளா இல்லையா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. போன மாதம் மெஷினில் கை மாட்டிக்கொண்டது. பயப்பட ஒன்றுமில்லை, கட்டுப் பிரித்தாயிற்று என்று அறைத்தோழன் ரஞ்சித்குமார் போனில் சொல்லிவிட்டான். திரௌபதிக்கு அது போதவில்லை.

"வெரலு ஆடுதுன்றான்மா அந்தப் பையன். ஆடுனா போதுமா? பேசணுமே."

குணசீலனைத் திரையில் காட்ட ரஞ்சித்குமார் தன் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறான். ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனந்தி கிடுகிடுவென்று வீட்டைச் சுற்றினாள். கூரையில் பச்சை. கொட்டகையில் பச்சை. சல்லடை வைத்தும் பச்சை. வீட்டுக்கு மேலே, சரிவில் ஏறினால் வரும் பாறைக் களத்தின் ஓரத்தில் நீலம் எட்டிப் பார்த்தது. நடுவில்தான் நிற்கும் போலிருந்தது. "வந்துட்டியாடா என் தங்கமே" என்று அவள் ஆரம்பிப்பதற்குள் திரௌபதி அவள் வாயைப் பொத்தினாள்.

களத்தில் திரௌபதியின் கணவர் கண்ணாயிரம் தூற்றிய சாமைக் குவியலை மரக்காலால் அளந்துகொண்டிருந்தார். பொலி அளக்கும்போது களத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் விளைச்சலின் பரக்கத்து, அதன் பெருக்கம், போய்விடும். அளந்து முடியப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை ரஞ்சித்குமார் இருக்க மாட்டான். திரௌபதி கணவரைப் பார்த்துக் கையால் ஏதோ கேட்டாள். அவர் மரக்காலை நிறுத்தாமலே, வரட்டும் என்பதுபோல் தலையசைத்தார், ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, லேப்டாப்போடு ஆனந்தி பாறையில் ஏறினாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மோடத்தைப் பேசாமல் செருகினாள். உதடு மட்டும் அசைந்தது. அழைப்பு மணி கூவிவிடுமே என்று நினைவு வந்து, அவசரமாக லேப்டாப்பின் சத்தத்தை அடியோடு அணைத்தாள். அணைத்த பிறகுதான் உறைத்தது, இந்த இருவருக்கும் சத்தமே தேவையில்லை. பாறையில் கொடியும் இல்லை, மரமும் இல்லை. கேபிள் முனையிலிருந்த மோடத்தைக் கையை உயர்த்திப் பிடித்தாள். நீலம் நின்றது.

திரையில் குணசீலன் கட்டம் கட்டமாகக் கூடி முகமானான். கைகள் மேசைக்குக் கீழே இருந்தன. திரௌபதி தன் இரண்டு கைகளையும் நீட்டி, காட்டு என்று சைகை செய்தாள். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். அவள் மறுபடியும் நீட்டினாள். மெல்ல வலக்கை மேலே வந்தது. ஆள்காட்டி விரல் பாதியில் முடிந்திருந்தது.

திரௌபதியின் வாய் திறந்தது. களத்தின் நினைவு வந்து முந்தானையைப் பல்லில் கவ்விக்கொண்டாள். கண்ணாயிரத்தின் மரக்கால் குவியலில் புதைந்தபடியே நின்றுவிட்டது.

மூக்கோரத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து மூக்குத்தியைத் திருகினால் அந்த வீட்டில் 'அம்மா' என்று பொருள். குணசீலன் கையை மூக்கருகே கொண்டுபோனான். விரல்கள் ஒன்றையொன்று தொடவில்லை. ஒரு கணம் விழித்தான். பிறகு குட்டையாகிப்போன விரலை மடக்கிவிட்டு, நடுவிரலைக் கட்டைவிரலோடு சேர்த்து மூக்குத்தியைத் திருகினான்.

அதன்பின் அவன் கைகள் நிற்கவில்லை. சோறு, மெஷின், மழை, அப்பாவின் மீசை, தங்கையின் இரட்டைச் சடை எல்லாம் திரையில் வந்து போயின. முழுவதும் புரியாவிட்டாலும் ஆனந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எத்தனையோ வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறாள். கேக்குதா, கேக்குதா என்று இருபுறமும் கத்துவதைத்தான் கேட்டிருக்கிறாள். இவ்வளவு பேச்சை அவள் எந்த வீட்டிலும் கண்டதில்லை. கண்ணாயிரம் எழுந்து வந்து மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்றார்.

மகன் ஓய்ந்ததும் திரௌபதி கையை உயர்த்தினாள். அவளுடைய விரல்களில் குறை ஒன்றுமில்லை. இருந்தும் ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு, நடுவிரலைக் கட்டைவிரலோடு சேர்த்து, தன் மூக்குத்தியை அவனைப் போலவே திருகிக் காட்டினாள்.

ஆனந்தியின் வலக்கை மரத்துப்போயிருந்தது. மோடத்தை இம்மியும் கீழே இறக்காமல் இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.