உட்காரச் சொன்ன கால்

என் வலது முட்டி பிசகியது ரிங் டென்னிஸ் ஆடும்போதுதான். இதைச் சொன்னால் இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு ரிங் டென்னிஸ் ஒரு கேடா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. கேடு ஆட்டத்தில் இல்லை. கணுக்கால் வரை பாவாடை தொங்கினால்தான் ஆட விடுவோம் என்று சொன்னவர்களிடம் இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து எறிந்த ரப்பர் வளையத்தைப் பிடிக்கத் திரும்பினேன். பாவாடை ஓரம் காலில் சிக்கியது. பாதம் அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் மளுக்கென்று ஏதோ நழுவியது.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினைந்து வயது. திருப்புலிவனத்திலிருந்து உத்திரமேரூர் ஹைஸ்கூலுக்குத் தினமும் நடந்தே போய் வருவேன். எங்கள் தெருவில் அந்தப் பள்ளிக்கூடம் வரைக்கும் போன பெண் நான் ஒருத்திதான். நடக்க முடிந்தால் பள்ளிக்கூடம், முடியாவிட்டால் படிப்பு அதோடு சரி. சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுவிட யாருக்கும் பொழுது கிடையாது.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் என்னைக் கட்டு வைத்தியரிடம் கொண்டுபோனார். முட்டை வெள்ளையில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார் வைத்தியர். "எலும்பு முறியல, சவ்வுதான் பிசகிக்கீது. வீக்கம் வத்தினதும் அவுத்துடுங்க" என்றுதான் அவர் சொன்னார். அவிழ்க்க விட்டால்தானே? நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருந்தார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். வீக்கம் வற்றிய பிறகும், "இன்னும் கொஞ்ச நாளு கெடக்கட்டும், நல்லா உறுதியாவும்" என்று தடுத்துவிட்டார். ஆவணியில் போட்ட கட்டை ஐப்பசி மழையில்தான் அவிழ்த்தார்கள். முட்டி மடங்கவில்லை. தொடை சூம்பி முருங்கைக்காய் மாதிரி ஆகியிருந்தது.

அப்புறம்தான் பயந்துபோய் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே இருந்த டாக்டர் எட்ட இருந்தே பார்த்தார். "அறுத்துத்தான் பாக்கணும். மெட்ராசுக்குப் போங்க" என்றார். நைனாவின் முகம் செத்துப்போனது. "அறுக்காம ஒண்ணும் செய்ய முடியாதுங்களா?" என்று கேட்டார். "அப்ப நடக்க விடாதீங்க. பொம்பளப் புள்ளதானே, வீட்டோட இருக்கட்டும். இனிமே ஓடியா ஆடப்போறா?" என்றார் டாக்டர்.

நான் அவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓடியாடுகிற வயதில் இருக்கிற பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு இனிமேல் ஓடியா ஆடப்போகிறாள் என்று கேட்க ஒரு மனுஷனுக்கு எப்படி வாய் வரும்? ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வேதவாக்காகிவிட்டது. டாக்டரே சொல்லிவிட்டார், உட்காரு. தண்ணீர் வேண்டுமா, உட்காரு, நான் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட வேண்டாம், நான்கு பேர் பார்த்துவிடுவார்கள், உட்காரு.

இதே வீட்டில் இன்னொரு ஜோடி முட்டியும் இருந்தது. அம்மாவுடையது. அவள் நடவு நடுகிறவள், களை எடுக்கிறவள். வருஷக்கணக்காகச் சேற்றில் குனிந்து பின்பக்கமாகவே நடந்த கால்கள். விடியலில் அவளால் சட்டென்று எழ முடியாது. வாசல் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு முட்டியைக் கொஞ்சம் மடக்குவாள், கொஞ்சம் நீட்டுவாள், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மடக்குவாள். இரண்டு கால்களும் வழிக்கு வந்த பிறகு கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளைப் பார்த்து உட்காரு என்று சொன்னவர் யாரும் கிடையாது.

ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏம்மா, உனக்கும் முட்டி வலி, எனக்கும் முட்டி வலி. நீ மட்டும் நடக்கலாம், நான் நடக்கக் கூடாதா?"

"நான் குந்திக்கினா கூலி எவ குடுப்பா? நீ குந்திக்கினா யாருக்கு இன்னா நஷ்டம்? காலங்காத்தால பேஜார் பண்ணாத" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டாள்.

நஷ்டம் எனக்குத்தான். அது ஏன் யார் கணக்கிலும் வரவில்லை என்று எனக்கு அழுகையாக வந்தது. அழுகை ஓய்ந்ததும் கோபம் வந்தது. அத்தை ஆடு ஓட்டிக்கொண்டு போன பிறகு, அம்மா செய்ததை நானும் செய்தேன். வாசல் காலைப் பிடித்துக்கொண்டு மடக்கினேன், நீட்டினேன். உயிர் போகிற வலி. உரல் மேல் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கினேன். அது நடுங்கிக்கொண்டு பாதியில் நின்றது. ஆத்திரத்தில் முதல் வாரமே ஏரிக்கரை வரை போய்வந்ததில், முட்டி பூசணிக்காயாய் வீங்கிவிட்டது. "நான் சொன்னேன், கேட்டியா?" என்று அத்தைக்கு ஒரே வெற்றி. அதற்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. வலி முணுமுணுத்தால் நடக்கலாம், கத்தினால் நிறுத்த வேண்டும். ஒரேயடியாக உட்காரவும் கூடாது, ஒரேயடியாகப் பாயவும் கூடாது. வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் மெதுவாக நடந்தால் கனம் தெரியாது என்று நானாகக் கண்டுபிடித்தேன். அந்த முட்டியை இன்றுவரை அறுக்கவில்லை. மழைக்காலத்தில் முறைக்கும், மாடிப்படியில் முனகும். இருக்கட்டும். நடக்கிறேன்.

தை மாதத்துக்குள் தாங்கித் தாங்கியாவது தெருக்கோடி வரை போய்வந்தேன். பள்ளிக்கூடம் அனுப்புங்கள் என்று நைனாவிடம் கேட்டேன். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை அதற்குள் வேறொன்றை முடிவு செய்துவிட்டிருந்தார். மானாம்பதியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம்.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வந்தால், பெண் உள்ளேயிருந்து வெற்றிலைத் தட்டோடு நடந்து வரவேண்டும். வெற்றிலையை யார் பார்த்தார்கள்? பார்ப்பதெல்லாம் நடையைத்தான். அதனால் அத்தை ஒரு யோசனை செய்தார். அவர்கள் வருவதற்கு முன்பே என்னைப் பாயில் உட்கார வைத்து, புடவையைக் கால் தெரியாமல் பரப்பிவிட்டு, தட்டையும் என் முன்னால் வைத்துவிட்டார். எழுந்தால் கொன்றுவிடுவேன் என்று காதருகில் சொன்னார்.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா கெட்டிக்காரி. உட்கார்ந்ததுமே கேட்டார். "பொண்ணு இன்னா, புள்ளையார் மாதிரி குந்திக்கினு கீது? எயுந்து ஒரு சொம்பு தண்ணி கொண்டாரட்டும்."

"வெக்கப்படுதுங்க" என்றார் அத்தை. "தண்ணி நான் தரேன்."

"வெக்கம் மூஞ்சிலதானே இருக்கும், கால்ல இன்னா?" அந்த அம்மாள் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "ரெண்டு காலும் வராது போலக்கீது. மூடி மறைக்கிறாங்க."

பாருங்கள் நியாயத்தை. ஒரு முட்டி பிசகை மறைக்கப் போய், இரண்டு காலும் விளங்காதவளாக்கிவிட்டார்கள். நான் எழுந்துவிட்டேன். அத்தை புடவையைப் பிடித்து இழுத்தார், உதறினேன். பானைவரைக்கும் தாங்கித் தாங்கி நடந்துபோய், சொம்பில் மொண்டுவந்து அந்த அம்மாள் கையில் கொடுத்தேன். "ஒரு காலுதான். வெளையாடும்போது பிசகிச்சி. தெனம் நடந்தா சரியாப் பூடும்" என்றேன்.

அத்தை தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த அம்மாளோ தண்ணீரை நிதானமாகக் குடித்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். "குனிஞ்சி நிமிர வருதா?"

"வருது."

"அப்போ நடவு நடுவ. சேத்துல எறங்கிட்டா நொண்டியாவது நொடமாவது, ஒண்ணும் தெரியாது. எங்க வூட்டுலயும் நடவுக்கு ஒரு கை கொறையுது. எங்களுக்குச் சம்மதம்தான்."

நைனாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது. அத்தை உடனே வெற்றிலைத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினார். இத்தனை மாதம் உட்காரு, உட்காரு என்று உயிரை வாங்கினார்களே, அதே கால்தானே இது?

"பள்ளிக்கூடம் போவக் கூடாத காலு, நடவுக்கு மட்டும் போவுமா நைனா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"பெரியவங்க பேசும்போது வாய மூடு" என்றார் அத்தை.

அதுவரை அடுப்பங்கரையில் நின்றிருந்த அம்மா வெளியே வந்தாள். பிறத்தியார் முன்னால் தோளிலிருந்து முந்தானை நழுவ விடாதவள். அவள் கூடத்தின் நடுவில் வந்து, சுவரைப் பிடித்து மெல்லக் கீழே இறங்கி, இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்தாள். புடவையை முட்டிக்கு மேலே தூக்கினாள். முட்டிகள் இருந்த இடத்தில் இரண்டு வீக்கங்கள் இருந்தன. ஒன்று கோணிக்கொண்டு பக்கவாட்டில் தள்ளியிருந்தது. நானே அதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"நல்லா பாத்துக்கம்மா" என்றாள் மாப்பிள்ளையின் அம்மாவிடம். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் எங்க மாமியாரு இதத்தான் கேட்டாங்க. நடவு நடுவியான்னு. நடுவேன்னு சொன்னேன். நட்ட காலு இது." பிறகு நைனாவின் பக்கம் திரும்பினாள். "நீயும் பாருய்யா. எம் பொண்ணு கால நான் சேத்துல எறக்க மாட்டேன். அது ரோட்டுல நடந்து பள்ளிக்கூடம் போவட்டும்."

"மானம் போவுது, பொடவய எறக்குடி" என்றார் அத்தை. அம்மா இறக்கவில்லை. வந்தவர்கள் வெற்றிலையைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். நைனா வெகுநேரம் அந்த முட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நாளைக்குப் போ" என்றார் என்னிடம்.

திங்கட்கிழமை விடிந்ததும் புத்தகப் பையை எடுத்துக்கொண்டேன். வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து போனால் முதல் மணிக்குள் சேர்ந்துவிடலாம் என்று நைனா யோசனை சொன்னார். முட்டியில் தடவிக்கொள்ள அத்தை கூட முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் எண்ணெய் காய்ச்சித் தந்தார். என் முட்டிதான் அந்த வீட்டின் பேச்சாக இருந்தது. அம்மா வாசல் காலைப் பிடித்துக்கொண்டு மடக்கி நீட்டி, கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு நடவுக்குக் கிளம்பினாள். அந்த முட்டிகளை முந்தின நாள்தான் வீடே பார்த்திருந்தது. பார்த்த பிறகும் இன்றைக்கு ஒரு நாள் உட்காரு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.