வால்டர் கண்ட குறை

ஒரெஸ்ட் ஹ்ரிட்சக்கைச் சோம்பேறி என்று சொன்னால் சொன்ன வாய் வெந்துபோகும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனிதர். குளிரில் கதவுப் பூட்டே உறைந்து கிடக்கிற காலையிலும் எழுந்துபோய் இஞ்சினைச் சூடாக்கி, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துப் பனிச்சாலையில் பண்ணை பண்ணையாகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போவார். சாயங்காலம் திரும்ப அதே வேலை. நடுவில் கிடைக்கிற பகல் முழுவதையும் கோவிலுக்காகவே செலவழித்தார். அதில் ஒரே ஒரு சங்கடம். அந்தக் கோவில் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

உழவு ஓட்டுகிற விளையாட்டு ஒன்று உண்டு. டிராக்டர் வாங்கலாம், கோதுமை விதைக்கலாம், அறுக்கலாம். விளையாட்டோடு வருகிற ஊர் பிடிக்காதவர்கள் தங்களுக்குப் பிடித்த ஊரைத் தாங்களே செய்து உள்ளே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேப் என்று பெயர். செய்த மேப்பை இணையத்தில் போட்டுவிட்டால் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் இறக்கிக்கொண்டு அந்த ஊரில் ஏர் பூட்டலாம். காசு பணம் எதுவும் கிடையாது. நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அதுதான் கூலி.

ஒரெஸ்ட் செய்தது தன் ஊரான ப்ரோடிவில்லை. கோதுமைக் கிடங்கு, தபால் ஆபீஸ், பனித்தரையில் கல்லைத் தள்ளி கர்லிங் ஆடுகிற கொட்டகை, மூடிப்போன ஹோட்டல், மூடாத பார் என்று ஒன்று விடவில்லை. மேப்பின் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே, "உள்ளது உள்ளபடி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அந்த மூன்று சொல்லுக்காக... சரி, இரண்டு சொல்தான், அதற்காக அவர் உயிரையே விடுவார். பக்கத்து வீட்டு வேலியில் ஒரு பலகை வேறு நிறத்தில் இருந்தால் மேப்பிலும் அந்தப் பலகை வேறு நிறம்தான்.

"இதுல நான் எங்கே இருக்கேன்?" என்று அவர் மனைவி வெர்னா ஒரு நாள் கேட்டாள். அவள் தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவள்.

"ஆளுங்களை எல்லாம் வைக்க முடியாது வெர்னா. விளையாட்டு திணறும்."

"அப்போ நம்ம நாய் மட்டும் எப்படி ஓடுது?"

"நாய் சும்மா ஓடும். நீ சும்மா இருப்பியா?"

வெர்னா சிரித்துவிட்டாள். சிரித்தாலும் அவள் மனதில் வேறொரு கவலை கிடந்தது.

ப்ரோடிவில்லில் நிஜமாகவே ஒரு கோவில் உண்டு. ராயப்பர், சின்னப்பர் என்ற இரண்டு புனிதர்களின் கோவில். உக்ரைனிலிருந்து வந்தவர்கள் கட்டியது. வெங்காயம் மாதிரிக் கோபுரம், உள்ளே பொன் பூசிய படங்கள், பின்னால் கல்லறைத் தோட்டம். வெர்னா ஞானஸ்நானம் வாங்கியதும் மாலை மாற்றியதும் அங்கேதான். அவளைப் பெற்றவர்கள் படுத்திருப்பதும் அங்கேதான். இப்போது பூசைக்கு வருகிறவர்கள் ஒரு பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் நாற்காலி மிச்சமாகும். ஆனாலும் வருஷம் தவறாமல் ராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து சேருவார்கள். பூசை, ஜெபம், அப்புறம் புல்வெளியில் சாப்பாடு.

அந்தக் கோவில் வாசலில் மூன்றாவது படி உளுத்துப்போய் ஓட்டை விழுந்திருந்தது. கோவிலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒரெஸ்ட்டுடையது. போன வருஷமே "செஞ்சுடறேன்" என்றார். இந்த உயிர்த்த ஞாயிறு அன்று, மந்திரிப்பதற்கு ரொட்டிக் கூடைகளோடு எல்லோரும் வாசலில் நிற்க, ஃபாதர் மிரோன் அந்த ஓட்டைக்குள் முழங்கால் வரை இறங்கினார். தீர்த்தக் கிண்ணம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அடி ஒன்றும் பலமில்லை. எழுந்து அங்கியைத் தட்டிக்கொண்டு அவர் சொன்னார்:

"படி இப்படியே கிடந்தா திருநாள் பூசையை டவுன் கோவில்லதான் வைக்கணும். இங்கே பூட்டிட வேண்டியதுதான். வயசானவங்க யாராவது விழுந்தா யார் பதில் சொல்றது?"

ஒரெஸ்ட் தலையை ஆட்டி, "செஞ்சுடறேன் சாமி" என்றார்.

ஒரு வருஷம் டவுனுக்குப் போய்விட்டால் மறு வருஷம் யாரும் இங்கே திரும்ப மாட்டார்கள் என்பது வெர்னாவுக்குத் தெரியும். டவுன் கோவிலில் ஏசி உண்டு, கார் நிறுத்த நல்ல இடம் உண்டு. பூட்டுகிற கை லேசில் திறக்காது. அதனால் அவள் தினமும் ஞாபகப்படுத்தினாள். சாப்பாட்டு மேசையில் சொன்னாள், காரில் சொன்னாள், ஜெபமாலையின் நடுவில் கூட ஒரு தடவை சொன்னாள்.

"பனி உருகட்டும்" என்றார் ஒரெஸ்ட். பனி உருகியது. "சேறு காயட்டும்" என்றார். சேறும் காய்ந்தது. "மரம் விலை இறங்கட்டும்" என்றார். அது மட்டும் எந்தக் காலத்திலும் இறங்காது என்பது இருவருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் அந்தக் கோவிலை அவர் மாதிரி அங்குலம் அங்குலமாகப் பார்த்தவர் யாரும் கிடையாது. ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து மேப்பில் ஒட்டியிருந்தார். மூன்றாவது படியை மண்டியிட்டுப் படம் பிடித்தார். கோவில் வாசலில் அவர் மண்டியிட்டதைப் பார்த்து வெர்னா ஒரு நிமிஷம் மனம் குளிர்ந்துபோனாள். அப்புறம்தான் கையிலிருந்த கேமரா தெரிந்தது. மேப்பிலும் அதே படி, அதே ஓட்டை. ஏறப் போனால் ஆள் உள்ளே மாட்டிக்கொள்வான். "உள்ளது உள்ளபடி" என்று பூரித்துப்போனார் ஒரெஸ்ட்.

ஒரு மத்தியானம் வெர்னா சூப் கொண்டுவந்து வைக்கும்போது அவர் எதையோ மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார். பிரேசிலிலிருந்து ஒரு பையன் கொட்டகைக் கதவு சரியாகத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தான். அதற்கு ஒரெஸ்ட்டின் பதிலை வெர்னா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "அன்பு நண்பரே, தங்கள் சிரமத்துக்கு மன்னிக்கவும். சுட்டிக்காட்டியதற்கு மிக்க நன்றி. இன்றே சரிசெய்கிறேன்."

வெர்னாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்பு நண்பரே! மன்னிக்கவும்! இன்றே! கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மூன்றும் இந்த வீட்டில் ஒரே மூச்சில் கேட்டதில்லை. சூப் ஆறுவதற்குள் அந்தக் கதவு சரியாகிவிட்டது. அவர்கள் வீட்டுக் குளியலறைக் கதவு மட்டும் இன்றுவரை ஒரு செங்கல்லை வைத்துத்தான் சாத்தப்படுகிறது.

மறுநாள் தபால் ஆபீஸில் கூட்டமில்லாத நேரம். வெர்னா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு செல்போனில் ஒரு கணக்குத் திறந்தாள். வால்டர், ஓய்வுபெற்ற விவசாயி, பக்கத்து மாகாணமான மானிட்டோபா. எழுதினாள்: "ஐயா, உங்கள் ஊர் மிக அழகு. ஆனால் கோவிலின் மூன்றாவது படி உடைந்திருக்கிறது. ஏறினால் கால் மாட்டிக்கொள்கிறது. கடவுளுடைய வீட்டுக்கு இது அழகா? தயவுசெய்து சரிசெய்யவும்."

சாயங்காலம் ஒரெஸ்ட் தரையில் கால் படாமல் உள்ளே வந்தார்.

"வெர்னா! மானிட்டோபாவுல வால்டர்னு ஒரு பெரிய மனுஷன். கோவில் வரைக்கும் நடந்து போயிருக்காரு! மத்தவனுங்க எல்லாம் டிராக்டரை விட்டு இறங்கறதே இல்லை. இவரு படியைப் பத்திக் கேக்கறாரு!"

"என்ன கேக்கறாரு?"

"மூணாவது படி உடைஞ்சிருக்காம்."

"அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள் வெர்னா.

குத்தல் அவர் மேல் படவில்லை. "எவ்வளவு மரியாதையாச் சொல்லியிருக்காரு தெரியுமா? மனுஷன்னா இப்படிச் சொல்லணும். நாளைக்கே செஞ்சுடறேன்."

செய்தும் விட்டார். மறுநாள் மத்தியானம் வெர்னாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவள் கார் சாவியை எடுத்தாள். "அது எதுக்கு?" என்று அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையில் புத்தம் புதுப் படிகள் பளபளத்தன.

"உயரத்தையும் பாதியாக் குறைச்சுட்டேன். முன்ன இருந்த உயரத்துக்கு இந்த விளையாட்டுல வர்ற ஆளு குதிச்சாத்தான் ஏற முடியும். கோவிலுக்குள்ள குதிச்சுக் குதிச்சுப் போனா நல்லாவா இருக்கு? இப்போ படி ரெண்டு மடங்கு, உயரம் பாதி. நடந்தே போகலாம்."

வெர்னா சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். ஆண்டவரே, இந்த மனுஷனுக்கு இரண்டு கண் கொடுத்தீரே, இரண்டும் ஒரே பக்கம் பார்க்கிறதே என்று உள்ளுக்குள் முறையிட்டாள்.

ஜூன் மாதம் பாதி போய்விட்டது. ஃபாதர் மிரோன் போன் செய்து, டவுன் கோவிலில் சொல்லிவைக்கவா என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்க சாமி" என்று கெஞ்சிய வெர்னா, போனை வைத்த கையோடு வால்டரை மறுபடி எழுப்பினாள்.

"ஐயா, போன வாரம் உங்கள் ஊர் வழியாகப் போனேன். கோவிலைப் பார்க்க ஆசையாக இறங்கினேன். நிஜப் படியில் இன்னும் ஓட்டை இருக்கிறது. உங்கள் பக்கத்தில் உள்ளது உள்ளபடி என்று போட்டிருக்கிறீர்கள். எதை நம்புவது? வருத்தத்துடன், வால்டர்."

அன்று ஒரெஸ்ட் சாப்பாட்டைத் தொடவில்லை. உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை முள்கரண்டியால் தட்டில் அங்குமிங்கும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"உடம்புக்கு என்ன?"

"என்னைப் பொய்யன்னு சொல்லிட்டாரு வெர்னா. நேராச் சொல்லலை. அவ்வளவு பெரிய மனுஷன் நேராச் சொல்லுவாரா? வருத்தத்துடன்னு போட்டிருக்காரு."

"அப்போ என்ன செய்யப்போற?"

ஒரெஸ்ட் பெருமூச்சு விட்டார். "மேப்புல பழையபடி உடைச்சு வெச்சுட வேண்டியதுதான்."

இப்படி ஒரு வழி இருப்பது வெர்னாவுக்குத் தோன்றவே இல்லை. வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். எழுந்துபோய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

காப்பாற்றியது முன்பின் தெரியாத ஜனங்கள். படியை மறுபடி உடைக்கப்போகிறேன் என்று ஒரெஸ்ட் மேப்பின் பக்கத்தில் அறிவித்ததும் திட்டு மழை பொழிந்தது. "உடைச்சா நான் உங்க ஊர்ல இனிமே விதைக்கவே மாட்டேன்" என்றான் ஒருவன். பிரேசில் பையன் எழுதினான்: "நாங்க எட்டுப் பத்துப் பேர் ஞாயிற்றுக்கிழமையானா டிராக்டரை வரிசையா நிறுத்திட்டு அந்தக் கோவிலுக்குள்ள போய் நிக்கிறோம். பாட்டுகூடப் போடுவோம். தயவுசெஞ்சு கை வைக்காதீங்க."

ஒரெஸ்ட் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். போன ஞாயிறு நிஜக் கோவிலுக்கு வந்தவர்கள் அவர்கள் இருவரையும் சேர்த்து ஆறு பேர்.

மேப்பில் உடைக்க முடியாது. உள்ளது உள்ளபடி என்பதை அழிக்க மனம் வராது. மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட மறுநாள் ஒரெஸ்ட் லாரி நிறைய மரத்தை ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போனார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலை முடிந்ததும் வெர்னா பார்க்கப் போனாள். பார்த்ததும் தலையில் கை வைத்தாள். படிகள் வாசலிலிருந்து இறங்கி, இறங்கி, புல்வெளியில் பாதி தூரம் வந்து நின்றன. ஒவ்வொன்றும் ஒரு தடித்த ஜெபப் புத்தகத்தின் உயரம்தான் இருக்கும்.

"ஒரெஸ்ட், இது என்ன? வாத்துக் குஞ்சுக்கா கட்டியிருக்க?"

"மேப்புல எப்படியோ அப்படி. அளவு ஒரு துளி மாறலை. வேணும்னா வால்டர் வந்து அளந்து பாக்கட்டும்."

"ஆளுங்க சிரிப்பாங்கப்பா!"

"சிரிக்கட்டும். பொய்யன்னு சொல்ல முடியாதில்ல."

திருநாள் அன்று காலை கார்கள் வந்து நின்றன. சிரிக்கத்தான் செய்தார்கள். அப்போது பாலின் டுட்காவை அவள் மகள் காரிலிருந்து இறக்கினாள். பாலினுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. பழைய படிகளை ஏற முடியாமல் சில வருஷமாகவே பூசை நேரத்தில் காரில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டைக் கேட்டுவிட்டுப் போவாள். கைத்தடியை முதல் படியில் வைத்தாள். கால் வைத்தாள். அடுத்ததிலும் வைத்தாள். மகள் பிடிக்க வந்தபோது "விடுடி" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். மேலே போய் நின்று திரும்பினாள் பாலின்.

"டேய் ஒரெஸ்ட்! என் முட்டியை அளவெடுத்தாடா கட்டின?"

ஒரெஸ்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் இல்லீங்க. மானிட்டோபாவுல ஒரு நண்பர். அவர் சொல்லித்தான் எல்லாம்." பிறகு வெர்னாவிடம் மெல்லக் கேட்டார்: "முட்டைக்கோஸ் உருண்டை ஒரு தட்டு எடுத்து வெச்சியா? வால்டரைத் திருநாளுக்குக் கூப்பிட்டு எழுதியிருக்கேன். பதில் போடலை. கூச்ச சுபாவமா இருக்கும். வந்தாலும் வருவாரு."

அந்தத் தட்டு வெர்னாவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பூசைக்கு முன்னால் ஃபாதர் மிரோன் ஓரத்துப் படத்துக்குப் பக்கத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். வெர்னா போய்த் தலை குனிந்து நின்றாள்.

"பொய் சொன்னேன் சாமி. புருஷன்கிட்ட. வேற ஆம்பளை பேருல."

ஃபாதர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "என்னம்மா சொல்றே?"

அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். வால்டர், ஓட்டை, வருத்தத்துடன், தட்டு. ஃபாதர் தோளில் கிடந்த பட்டையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று பின்னால் நின்றவர்கள் நினைத்தார்கள்.

"பொய் பொய்தான்" என்றார் கடைசியில், முகத்தைச் சரிசெய்துகொண்டு. "வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடணும். அதுதான் அபராதம்."

"இன்னைக்கேவா சாமி?"

ஃபாதர் மிரோன் அண்ணாந்து பார்த்தார். வெர்னாவும் பார்த்தாள். வலது பக்கத்துக் கூரையில், சம்மனசுகள் என்கிற தேவதூதர்களை வரைந்த இடத்தில், மழைத் தண்ணீர் இறங்கிப் பழுப்பாகப் படர்ந்திருந்தது. ஒரு சம்மனசுக்கு இறக்கையே இல்லை.

"இன்னைக்குன்னு நான் சொல்லலையே" என்றார் ஃபாதர் மெதுவாக. "அந்த மேப்புல கூரை எப்படி இருக்கு?"

"உள்ளது உள்ளபடிதான் சாமி. கறை கூட இருக்கு."

"அப்படின்னா... கூரை முடியட்டும். அப்புறம் சொல்லு." அவள் தலையில் கை வைத்து மன்னிப்பின் ஜெபத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெர்னா திரும்பினாள். திறந்த கதவுக்கு வெளியே, தான் கட்டிய கடைசிப் படியில், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மானிட்டோபா பக்கத்துச் சாலையையே பார்த்தபடி நின்றிருந்தார் ஒரெஸ்ட்.